ஏலத்தில் துப்பாக்கி எடுத்தவர்களும் விற்றவர்களும்: பட்டதைச் சொல்லுங்கள்

டெக்சஸிலிருந்து

நானே ஆரம்பிக்கிறேன். அப்பா திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தப் பாசமோ என்னவோ, அமெரிக்கா வந்து க்ரீன் கார்டு கையில் கிடைத்ததும் எனக்கு ஓர் இஷாப்பூர் 2ஏ1 ரைஃபிள் வேண்டும் என்று தோன்றிவிட்டது. கல்கத்தா பக்கத்து இஷாப்பூரில் 1960களில் செய்தது. பார்க்க நம்ம ஊர் போலீஸ் தூக்கிக்கொண்டு நின்ற 303 மாதிரியேதான் இருக்கும், ஆனால் 7.62 நேட்டோ தோட்டா போடும். ராணுவம் கழித்துக்கட்டிய சரக்கு இங்கே நிறைய இறங்கியது. இன்றும் ஏலத்தளங்களில் மாட்டும்.

நம்ம ஊர் ஏலத்தில் 'ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்' என்றால் முடிந்தது. இங்கே அந்த மூணாம் தரம் லேசில் வராது. கன்புரோக்கர் போன்ற தளத்தில் கடைசி 15 நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் கடிகாரம் மறுபடி நீளும். கடைசி நொடியில் கேட்டுத் தட்டிவிடலாம் என்ற ஈபே சாமர்த்தியம் செல்லாது. (ஈபே 1999-லேயே துப்பாக்கி விற்பனையை நிறுத்திவிட்டது. இந்தத் தளங்கள் தலையெடுத்ததும் அதே சமயம்தான்.) நடுராத்திரி வரை உட்கார்ந்து, நினைத்ததைவிட 90 டாலர் கூடுதலாகக் கேட்டு, ஏலம் என் பெயரில் படிந்தது.

ஜெயித்ததும் பொருள் வீட்டுக்கு வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். வெளிமாநிலத்திலிருந்து வாங்கினால் அது உங்கள் மாநிலத்தில் உரிமம் பெற்ற ஒரு கடைக்குத்தான் போகும். எஃப்எஃப்எல் என்பார்கள், 1968 சட்டம். கடைக்காரர் 30 டாலர் கைமாற்றுக் கட்டணம் வாங்கினார். பெட்டியைப் பிரித்துக் கையில் கொடுத்ததும் நேராகப் படிவத்தை நீட்டினார். 4473, துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய அரசுப் படிவம். பேனாவை எடுத்துவிட்டேன். அவரே, 'முதல்ல நல்லா பாருங்க, அப்புறம் எழுதலாம்' என்றார். அந்த மனுஷனுக்குக் கோயில் கட்டலாம்.

பார்த்தால் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) கைப்பிடியின் பின்பக்கத்தில் இருந்த எண், உடம்பில் இருந்த எண்ணோடு ஒத்துப்போனது. ரொம்ப அழகாக ஒத்துப்போனது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பழைய எண்ணை அரத்தால் ராவி எடுத்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள். வேறொரு துப்பாக்கியின் போல்ட். பிறகு கடைக்காரர் தோட்டா வடிவ அளவுக்கட்டையை உள்ளே விட்டுப் பார்த்தார். மூடவே கூடாத அளவில் போல்ட் மூடிக்கொண்டது. ஹெட்ஸ்பேஸ் போச்சு, அதாவது போல்ட் முகப்புக்கும் தோட்டா பதிந்து நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி கூடிப்போயிருந்தது. சுட்டால் தோட்டாவின் பித்தளை கிழிந்து சூடான வாயு முகத்தில் அடிக்கலாம்.

விளம்பரத்தில் 'மூன்று நாள் பரிசோதனை' என்று போட்டிருந்ததால் தப்பித்தேன். 'இருக்கிறபடி, திருப்ப முடியாது' என்று போட்டிருந்தால் தலையில் துண்டுதான். படிவம் முடித்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாலும் கதை முடிந்தது. அதன்பின் அது என் துப்பாக்கி, திருப்புவது தனி விற்பனை. கடைக்குக் கடை அனுப்பி, போகவர 70 டாலரும் கைமாற்றுக் கட்டணமும் நஷ்டமாகி, மீதிப் பணம் வந்தது.

நியூஜெர்சியிலிருந்து

உங்களுக்காவது கடை வரைக்கும் வந்தது. இதே மாதிரி ஒரு 2ஏ1-ஐ நானும் ஏலத்தில் எடுத்தேன். மறுநாள் விற்றவரிடமிருந்து ஒரு வரி: 'உங்கள் மாநிலத்துக்கு அனுப்ப மாட்டேன்.' அந்த ரைஃபிளின் தோட்டாப் பெட்டி (மேகஸின்) 12 தோட்டா பிடிக்கும், இங்கே 10-க்கு மேல் கூடாது. விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் 'கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி தவிர' என்று போட்டே இருந்தார். படிக்காதது என் தப்பு. கேட்டுவிட்டுப் பின்வாங்கினேன் என்று என் கணக்கில் ஒரு கெட்ட குறி விழுந்ததுதான் மிச்சம்.

இங்கே நீளத் துப்பாக்கிக்கே போலீஸ் தரும் அடையாள அட்டை வேண்டும். கைத்துப்பாக்கி என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதிச் சீட்டு. அதை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு ஏலம் கேளுங்கள்.

ஒஹாயோவிலிருந்து

என் கதை அழுகைக் கதை. எம்1 கரண்ட் (Garand) ரைஃபிள் மேல ரொம்ப நாளா ஒரு கண்ணு. அலபாமாவுல சிஎம்பி அமைப்பு ராணுவத்துல இருந்து வந்ததையே விக்குது, ஏலமும் போடுது. ஆனா குடியுரிமை கேக்கும். நம்ம க்ரீன் கார்டுக்கு அங்க கதவு திறக்காது. அப்பதான் ஒரு சைட் கண்ணுல பட்டுது. மத்த எடத்துல போற விலைல பாதிக்கும் கொஞ்சம் மேல, 850 டாலர். போட்டோ பளபளன்னு இருக்கு, உண்மையான ஒரு கடையோட பேரு, அதோட உரிமத்தோட நகல் கூட இருக்கு. கார்டு எடுக்க மாட்டாங்களாம், ஸெல் (Zelle)ங்கற பணம் அனுப்பற ஆப்புல அனுப்பணுமாம். அனுப்பினேன். நாலு நாள் கழிச்சு, 'சரக்கு பாதியில நிக்குது, இன்சூரன்ஸுக்கு 300 டாலர், அப்புறம் திருப்பித் தந்துருவோம்'னு மெயில். அப்பதான் உறைச்சது. அந்த நெசமான கடைக்குப் போன் பண்ணா, 'இந்த மாசம் நீங்க ஆறாவது ஆளு'ங்கறாரு.

பின்னாடி எங்க ஊரு கடைக்காரர் சொன்னாரு: உரிம எண்ணுல முதல் மூணு இலக்கம், கடைசி அஞ்சு இலக்கம் ரெண்டையும், கடைக்கு உரிமம் தர்ற அரசு அமைப்பான ஏடிஎஃப்போட ஈஸிசெக் பக்கத்துல போட்டா அந்தக் கடையோட முகவரி வந்துரும். அந்த முகவரிக்கு இருக்கற போன் நம்பரை நாமளே தேடிப் பிடிச்சுக் கூப்பிடணும், சைட்டுல போட்டிருக்கற நம்பரை இல்ல. போட்டோ கேக்கறப்ப இன்னிக்குத் தேதியை ஒரு துண்டுத் தாள்ல எழுதித் துப்பாக்கி பக்கத்துல வெச்சு எடுக்கச் சொல்லணும். திருடன்னா அதோட பேச்சை நிறுத்திருவான். 850 டாலர் ஃபீஸ் கட்டிப் படிச்ச பாடம் இது. வீட்டுக்காரிக்கு இன்னும் முழுத் தொகை தெரியாது.

ஜார்ஜியாவிலிருந்து

விற்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஒரு ரெமிங்டன் 870 ஷாட்கன்னை ஏலத்தில் விட்டேன். ஜெயித்தவர் அனுப்பிய கேஷியர்ஸ் செக்கில் (வங்கியே எழுதித் தரும் செக்) விலையைவிட 600 டாலர் அதிகம். 'மீதியை என் லாரி ஏஜெண்டுக்கு அனுப்பிவிடுங்கள்' என்று கடிதம். வங்கியில் போட்டதும் மறுநாளே பணம் கணக்கில் தெரிந்தது. தெரிவது வேறு, தேறுவது வேறு. கிளையில் இருந்த அம்மாளிடம் விசாரித்ததில் பத்து நாள் பொறுக்கச் சொன்னார். எட்டாம் நாள் செக் போலி என்று திரும்பி வந்தது.

அடுத்த ஆளிடம் தபால் மணி ஆர்டர்தான் என்று கறாராகச் சொன்னேன். அதைத் தபால் நிலையத்திலேயே காசாக்கி, காசைக் கையில் வாங்கிய பிறகுதான் பெட்டி கட்டினேன். அனுப்புவதும் நானில்லை, உள்ளூர்க் கடை மூலமாக. பெரிய கூரியர்க்காரர்கள் உரிமம் இல்லாத ஆளிடம் துப்பாக்கி வாங்க மாட்டார்கள். இன்னொன்று: வீட்டில் கிடப்பதை எப்போதாவது விற்பது வேறு. லாபத்துக்காக வாங்கி வாங்கி விற்றால் உரிமம் எடுத்தாக வேண்டும்.

வர்ஜீனியாவிலிருந்து

நான் ஏமாறவில்லை, மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். உறவுக்காரத் தம்பி ஒருவன் ஹெச்1பி-யில் இருக்கிறான். அந்த விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வாங்க முடியாது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு. அவனிடம் அது இல்லை. 'அக்கா, ஏலத்துல நான் கேட்டுக்கறேன், பணமும் நானே போடறேன். கடையில மட்டும் உங்க பேர்ல எடுத்துக் குடுங்க' என்றான். படிவத்தில் 'உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?' என்றுதானே கேள்வி, ஆமாம் போட்டால் என்ன என்று நானும் ஒரு கணம் நினைத்தேன்.

கடையில் சும்மா விசாரிப்பதுபோல் கேட்டதற்கு, அங்கிருந்த பெரியவர் ஆப்ராம்ஸ்கி வழக்கைச் சொன்னார். எங்கள் வர்ஜீனியா ஆள், முன்னாள் போலீஸ். தன் 'அங்கிள்' பணம் அனுப்ப, தள்ளுபடி விலையில் ஒரு க்ளாக் வாங்கிக் கொடுத்தார். (தாய்மாமனா, சித்தப்பாவா என்று ஆங்கிலத்தில் எங்கே தெரிகிறது!) அந்த அங்கிள் சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதி உள்ளவர்தான். அப்படியும் 2014-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்று அது குற்றமே என்றது. 2022 சட்டத்துக்குப் பிறகு, தம்பியைப் போலத் தடை உள்ளவருக்குத் தெரிந்தே இப்படி வாங்கிக் கொடுத்தால் 15 வருடம் வரை சிறை. தம்பிக்குப் போன் போட்டு, 'வேட்டை உரிமம் எடு, இல்லை க்ரீன் கார்டு வரட்டும்' என்றேன். ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

மறுபடி டெக்சஸிலிருந்து

கேட்டவர்களுக்காக: ஆமாம், இரண்டாவது 2ஏ1 எடுத்துவிட்டேன். இந்தத் தடவை ஏலம் முடியும் முன்பே விற்பவருக்கு எழுதி, குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் படம், எண் இருக்கும் எல்லா இடத்துக்கும் கிட்டப் படம் வாங்கினேன். கட்டையில் துளையோ வெள்ளைப் பட்டையோ இருந்த தடயம் உண்டா என்றும் கேட்டேன். என்சிசி-யில் டிபி ரைஃபிள் தூக்கிப் பரேடு போனவர்களுக்குத் தெரியும், அது கவாத்துக்குத்தான், சுட அல்ல. அந்த மாதிரி சரக்கும் சாயம் பூசிக்கொண்டு ஏலத்துக்கு வரும்.

துப்பாக்கி சுத்தம். இழுத்தடித்தது என் பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்ததில் அப்பா பெயர் கடைசிப் பெயராகிவிட்டது, ஓட்டுநர் உரிமத்தில் முன்னும் பின்னும் மாறிக் கிடக்கிறது. துப்பாக்கி கொடுக்குமுன் செய்யும் எஃப்பிஐ பின்னணிச் சோதனையில் 'தாமதம்' என்று வந்தது. மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால் கடைக்காரர் விரும்பினால் கொடுக்கலாம், இவர் பதில் வரும்வரை கொடுப்பதில்லை. ஒன்பதாம் நாள் 'சரி' வந்தது. அடிக்கடி இப்படி மாட்டுபவர்கள் எஃப்பிஐ-யிடம் யூபின் என்ற எண்ணுக்கு எழுதிப்போடலாம். அடுத்தமுறை அந்த எண்ணைப் படிவத்தில் எழுதினால் ஆள் குழப்பம் குறையும். நான் போட்டிருக்கிறேன்.

அன்று இரவு வீடியோவில் அப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் முத்திரையையே பார்த்தார். 'ஆர்எஃப்ஐ போட்டிருக்கு. இஷாப்பூர் சரக்கு. எங்க ஃபேக்டரி இல்லை' என்றார். பிறகு, 'போல்ட்டை இழுத்துக் காட்டு, காலியா இருக்கான்னு பாக்கணும்.'