மறு: 'ட்ரோஃபிக் லெவல்' – உண்படியா, ஊட்டப்படியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். உணவுச் சங்கிலியில் ஓர் உயிர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதைத்தான் 'ட்ரோஃபிக் லெவல்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்று இங்கே பேசிவருகிறோம். நீங்கள் எழுதியவற்றை ஒவ்வொன்றாக மேற்கோள் காட்டி, கீழே என் பதிலைத் தருகிறேன்.

> 'ஊட்ட மட்டம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, எதற்கு இன்னொரு சொல்?

கல்லூரியில் பாடம் எடுக்கும் ஐயாவுக்கு இது வேண்டாத வேலையாகத் தோன்றலாம். எங்கள் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஆறாம் வகுப்பில் நின்று 'மட்டம்' என்று சொல்லிப் பாருங்கள். பள்ளிக்கு டிமிக்கி கொடுத்தால் மட்டம் போடுவது. தரமில்லாத பொருள் மட்டம். "அப்போ புல்லுதான் சார் ரொம்ப மட்டம்" என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். அன்றைய பாடம் அதோடு சரி.

சிரிப்பை விடுங்கள். 'ஊட்ட நிலை' என்று மாற்றினாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. மல்லாட்டை (நிலக்கடலை) இலையைச் சிவப்புக் கம்பளிப்பூச்சி தின்கிறது. மழைக்குப் பின் மானாவாரிக் கொல்லையில் அது கூட்டம் கூட்டமாக ஊர்வதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள், சிலர் சொறிந்தும் இருக்கிறார்கள். பல பறவைகள் அந்த மயிரைக் கண்டால் ஒதுங்கும். சுடலைக் குயிலுக்கோ அதுதான் விருந்து. குயிலை வல்லூறு அடிக்கும். இந்தச் சங்கிலியில் செடியை நேரே தின்னும் கம்பளிப்பூச்சி முதல்நிலை நுகர்வோர். ஆனால் செடியிலிருந்து எண்ணுவதால் அது இருப்பது இரண்டாம் ஊட்ட நிலையில்! ஒரே உயிருக்கு ஒரே வரியில் முதல்நிலையும் இரண்டாம் நிலையும் வந்தால் பிள்ளை என்ன செய்யும்? தேர்வில் மதிப்பெண் கோட்டைவிடுவது இங்கேதான். 'நிலை' நுகர்வோரோடு இருக்கட்டும். இதற்குப் 'படி' தனியாக நிற்கட்டும். கம்பளிப்பூச்சி முதல்நிலை நுகர்வோர், இரண்டாம் படி. மோதல் இல்லை. ஆகவே 'படி'யில் எனக்கு முழு உடன்பாடு.

> 'உண்படி' வினைத்தொகை, சுருக்கம், காதுக்கும் இனிமை.

இனிமைதான், ஆனால் முதல் படியிலேயே சறுக்குகிறது. அங்கே இருப்பது செடி. செடி எதையும் உண்பதில்லை. தனக்கு வேண்டியதை வெயிலை வைத்துத் தானே தயாரித்துக்கொள்கிறது. 'ஊட்டம்' என்றால் தற்சார்பு ஊட்டமும் பிறசார்பு ஊட்டமும் இரண்டுமே அடங்கும். அதனால் 'ஊட்டப்படி'. யாழ்ப்பாணத்து அம்மா இந்தக் குழுமத்தில் எழுதிய 'போசணை மட்டம்' இதே வழியில் அமைந்ததுதான், போசணை என்றால் ஊட்டம். தற்போசணி, பிறபோசணி என்று அங்கே குடும்பமாகப் புழங்கும் சொல்லை நாம் கலைக்க வேண்டியதில்லை.

படியில் இன்னொரு வசதியும் இருக்கிறது. எங்கள் பக்கம் வீடுகளில் தானியம் அளக்கும் பழைய இரும்புப் படி இன்னும் பரணில் கிடக்கிறது. எட்டு ஆழாக்கு ஒரு படி. 1942இல் சூழலியலாளர் லிண்டமன் அமெரிக்காவில் மினசோட்டாவின் ஒரு சிறு ஏரியை வைத்து எழுதிய கட்டுரையை ஒட்டி, அவர் பெயரில் 'பத்து விழுக்காடு விதி' வழங்குகிறது. ஒரு படியில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படியின் உடலில் சேர்கிறது. சேராததில் ஒரு பகுதி மூச்சுக்கும் நடமாட்டத்துக்கும் செலவாகி வெப்பமாகப் போய்விடுகிறது. தின்னாமல் விட்டதும் எச்சமாகக் கழிந்ததும் கரையானுக்கும் பூஞ்சைக்கும். பத்து என்பது கல்வெட்டில் பொறித்ததல்ல, 5 முதல் 20 வரை மாறும்.

ஒரு படி மல்லாட்டைப் பருப்பை மேசையில் கொட்டுங்கள். அது செடி. அதிலிருந்து ஒரு ஆழாக்குக்குச் சற்றுக் குறைவாக அள்ளினால் கம்பளிப்பூச்சி. அதில் பத்தில் ஒரு பங்கு குயிலுக்கு, ஒரு சின்னக் கைக்குள் அடங்கிவிடும். வல்லூறுக்கு மிஞ்சுவது இரண்டு மூன்று பருப்பு. வானத்தில் வல்லூறு ஏன் காக்கை மாதிரிக் கூட்டமாகப் பறப்பதில்லை என்று அப்புறம் கேட்டால், பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

> பஞ்சப்படி, பயணப்படி, உணவுப்படி என்று குழம்பாதா?

அந்தக் குழப்பம் வாத்தியார்களுக்கு வரலாம். பிள்ளைகளுக்கு அரசாங்கம் இன்னும் பஞ்சப்படி அளக்கவில்லை.

அப்புறம், மைனா. கேழ்வரகையும் கொத்துகிறது, புழுவையும் பொறுக்குகிறது. ஒரு நேரம் இரண்டாம் படி, ஒரு நேரம் மூன்றாம் படி. படி என்றால் ஏறலாம் இறங்கலாம், அதனால் இதிலும் தொல்லை இல்லை. அதற்காக மைனாவை 'இருபடி உயிரி' என்று யாரும் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள், கணக்கு வாத்தியார் இருபடிச் சமன்பாட்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவார். அனைத்துண்ணி என்ற சொல்லே போதும்.