நானோதுகளோடு ஒட்டிவரும் எண்டோடாக்சின்

உறவுகளுக்கு வணக்கம்.

செப்சிஸில் (தொற்றுக்கு உடம்பு தாறுமாறாக எதிர்வினை காட்டி உறுப்புகள் கெடும் நிலையில்) நுரையீரல் பழுதாவதைத் தடுக்க நானோதுகள் தயாரிக்கும் ஆய்வில் இறங்கும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். துகளின் அளவு, மின்னூட்டம், ஏறிய மருந்தின் அளவு எல்லாவற்றையும் அளப்பீர்கள். அதற்கு முன்னால் எண்டோடாக்சினை அளந்துவிடுங்கள்.

சுண்டெலியின் நுரையீரலில் காயம் உண்டாக்க மூச்சுக்குழாயில் விடுவதே அதைத்தானே! எண்டோடாக்சின் என்பது கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும் எல்பிஎஸ் (லிப்போபாலிசாக்கரைடு) என்ற நச்சுப் பொருள். அது துகளோடு சேர்ந்து போனால் இரண்டு விதமாக ஏமாற்றும். காயத்துக்குப் பிறகு கொடுத்தால் அழற்சி கூடி, நல்ல பொருளை நச்சு என்று ஒதுக்கிவிடுவோம். காயத்துக்கு முந்தின நாளே கொடுத்தால் தலைகீழ்: கொஞ்சம் எல்பிஎஸ்ஸை ஏற்கெனவே பார்த்த உடம்பு மறுமுறை அந்த அளவுக்குக் கொந்தளிக்காது. எலி பிழைத்துக்கொள்ளும், துகள் காப்பாற்றியது என்று எழுதிவிடுவோம். இந்த இரண்டாவது பிழைதான் எனக்குப் பெரிய கவலை.

எல்பிஎஸ் துகளில் ஏறுவதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். அயனி நீக்கும் ரெசினை மாற்றாமல் விட்டால் அதிலேயே பாக்டீரியா வளரும். 0.22 மைக்ரான் வடிகட்டி பாக்டீரியாவைத்தான் நிறுத்தும், எல்பிஎஸ் நழுவிவிடும். அதை அழிக்க ஆட்டோகிளேவின் 121 டிகிரியும் போதாது. கண்ணாடிச் சாமான்களை 250 டிகிரி உலர்சூட்டில் 30 நிமிடமாவது வையுங்கள். ஊசிமருந்துக்கான தண்ணீரையே பயன்படுத்துங்கள். துகளில் ஒட்டிய பிறகு கழுவி எடுப்பது பெரும்பாடு.

எண்டோடாக்சினை அளக்கும் லால் சோதனையிலும் (குதிரைலாட நண்டின் இரத்த அணுச் சாற்றால் செய்வது) கவனம் தேவை. நிறத்தை 405 நானோமீட்டரில் படிக்கும் முறையில் துகளே ஒளியைச் சிதறடித்துக் கணக்கைக் குழப்பும். நேர்மின்னூட்டத் துகள் எல்பிஎஸ்ஸை இறுகப் பிடித்துக்கொள்வதால் சோதனை சுத்தம் என்று காட்டும். ஆகவே துகள் கரைசலில் மில்லிக்கு 0.5 எண்டோடாக்சின் யூனிட் எல்பிஎஸ்ஸைத் தெரிந்தே சேர்த்து அளந்து பாருங்கள். அதில் 50 முதல் 200 சதவீதத்துக்குள் திரும்பி வராவிட்டால் அந்த எண்ணை நம்பாதீர்கள். இன்னும் நீர்க்கச் செய்யுங்கள், அல்லது முறையை மாற்றுங்கள். செல்லுலோஸ் வடிகட்டியிலிருந்து வரும் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலியும் லாலைத் தூண்டிவிடும். அதைத் தடுக்கும் பஃபர் சேர்த்தால் சரியாகும்.

மனிதருக்கு நரம்பு வழி கொடுக்கும் மருந்துக்கு எண்டோடாக்சின் வரம்பு, மணிக்கு கிலோவுக்கு 5 யூனிட். 60 கிலோ உடம்புக்கு 300 யூனிட், அதாவது சுமார் 30 நானோகிராம். கண்ணுக்குத் தெரியாத அளவு.

எலிச் சோதனையில் வெறும் கரைசல் கொடுத்த குழு மட்டும் போதாது. துகளில்லாமலே அழற்சி வருகிறதா என்று பார்க்க, துகளைச் சுழற்றி இறக்கிவிட்டு, மேல் நிற்கும் தெளிந்த நீரை மட்டும் ஒரு குழுவுக்குக் கொடுங்கள். சி3ஹெச்/ஹெச்இஜே வகை எலிக்கு எல்பிஎஸ்ஸை உணரும் டிஎல்ஆர்4 என்ற ஏற்பி வேலை செய்யாது, எல்பிஎஸ்ஸுக்கு அசையாது. அதன் நுரையீரலிலும் அழற்சி வந்தால் குற்றம் துகளுடையது; சாதாரண எலியில் மட்டும் வந்தால் எல்பிஎஸ்ஸைச் சந்தேகப்படுங்கள். சிகிச்சையைக் காயத்துக்குச் சில மணி நேரம் கழித்தே தொடங்குங்கள், நோயாளியும் அப்படித்தான் வருகிறார்.

ஒவ்வொரு தயாரிப்புக்கும் எண்டோடாக்சின் அளவைத் தனியாகக் குறித்து வையுங்கள். போன மாதத் தயாரிப்பின் எண் இந்த மாதத் துகளுக்குப் பொருந்தாது.