கண்காணிப்பு நிரல்களைத் தடுத்தால் ‘சமர்ப்பி’ பொத்தான் வேலை செய்யவில்லை: கடையில் மட்டும் ஏன்?

தங்கச்சிமடம் பிரௌசிங் சென்டர்:

வணக்கம். தங்கச்சிமடத்தில் ஐந்து கணினிகளை வைத்து ஒரு பிரௌசிங் சென்டர் நடத்தி வருகிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் மீனவக் குடும்பத்தினர். ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் என் கணினியில் தட்டச்சு செய்பவர்களை ஏதோ ஒரு விளம்பர நிறுவனம் பின்தொடர்வதற்கு நான் இடம் கொடுக்கக் கூடாது என்று எண்ணி, கண்காணிப்பு முகவரிகளைத் தடுக்கும் டிஎன்எஸ் சேவை (தளத்தின் பெயரைக் கேட்டு அதன் எண் முகவரியைச் சொல்லும் சேவை) ஒன்றைக் கடையின் ரவுட்டரிலேயே அமைத்திருக்கிறேன்.

சென்ற வாரம் ஒரு தனியார் கல்லூரியின் விண்ணப்பத்தை நிரப்ப ஒரு மாணவி தம் தந்தையுடன் வந்தார். ஓடிபி தந்தையின் கைபேசிக்குத்தான் வரும். அவர் விசைப்படகில் வேலை செய்பவர் என்பதால், கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துத்தான் இருவரும் வர முடிந்தது. எல்லாப் பக்கங்களும் ஒழுங்காக வந்தன. கடைசியில் ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தியபோது பிழைச் செய்தியும் வரவில்லை, பக்கமும் நகரவில்லை. ஃபயர்பாக்ஸில் முகவரிப் பட்டையிலுள்ள கேடயக் குறியை அழுத்தி, அந்தத் தளத்துக்கு மட்டும் பாதுகாப்பை நிறுத்திப் பார்த்தேன், குரோமிலும் முயன்றேன், பயனில்லை. அவர்கள் தங்கள் கைபேசியிலேயே எப்படியோ முடித்துக்கொண்டார்கள் என்றாலும், எனக்கு அது மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அதே தளத்தின் விசாரணைப் படிவமும் கடையில் இப்படியே நிற்கிறது. ஆனால் வீட்டு மடிக்கணினியில், ஃபயர்பாக்ஸில் விளம்பரங்களையும் கண்காணிப்பையும் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சி இருந்தும் அது ஒழுங்காகப் போகிறது. இரண்டு இடத்திலும் தடுக்கிறேன். ஓரிடத்தில் மட்டும் ஏன் நிற்கிறது?

மண்டபம் ஆசிரியர்:

வந்தவரைக் காக்க வைக்காமல், கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்து அந்த ஒரு படிவத்தை அனுப்பிவிடுங்கள். தடுப்பையே முழுவதும் எடுத்துவிடலாம் என்பதுதான் என் கருத்து. தளத்தைக் கட்டியவர்கள் எவற்றையெல்லாம் சேர்த்தார்களோ, அவற்றோடு சேர்ந்துதான் அது ஓடும்.

கீழக்கரை நிரலாளர்:

ஆசிரியர் ஐயா சொன்ன ஹாட்ஸ்பாட் வழி அவசரத்துக்கு உதவும். அதுவே நல்ல சோதனையும் ஆகும். தடுப்பை முழுவதும் எடுப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பலர் மாறி மாறி உட்காரும் கணினியில்தான் இந்தப் பாதுகாப்பு மிகவும் தேவை.

தங்கச்சிமடம் சகோதரர் மூன்று விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். முதலில், ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் பொத்தான் வேலை செய்கிறதா? அடுத்து, எஃப்12 விசையை அழுத்தி, ‘நெட்வொர்க்’ பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். வராமல் போன கோப்பு எந்த முகவரியிலிருந்து வர வேண்டியது என்பதையும், பொத்தானை அழுத்தும்போது ‘கன்சோல்’ பகுதியில் சிவப்பு எழுத்தில் ஏதேனும் வருகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக, விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில், ஒரு பெயருக்கு டிஎன்எஸ் தரும் விடையைக் காட்டும் ‘என்எஸ்லுக்அப்’ என்ற கட்டளையுடன் அந்த முகவரியைக் கொடுத்துப் பாருங்கள்.

தங்கச்சிமடம் பிரௌசிங் சென்டர்:

பார்த்துவிட்டேன். ஹாட்ஸ்பாட்டில் பொத்தான் வேலை செய்கிறது. கடை இணைப்பில் வராமல் போனது ஒரே ஒரு கோப்புதான். அது, தளங்களில் கண்காணிப்பு நிரல்களைச் சேர்த்து இயக்கும் கூகுள் டேக் மேனேஜரின் முகவரியிலிருந்து வர வேண்டியது. அதற்கு என்எஸ்லுக்அப் தந்த விடை 0.0.0.0. கன்சோலில் மட்டும், நான் எதிர்பார்த்ததற்கு மாறாக, பொத்தானை எத்தனை முறை அழுத்தியும் சிவப்பு வரி எதுவும் வரவில்லை.

கீழக்கரை நிரலாளர்:

அந்தச் சிவப்பு வரி வராததுதான் முக்கியமான தடயம்.

கண்காணிப்பு நிரலைத் தடுப்பதால் ஒரு பொத்தான் பெரும்பாலும் இரண்டு வகையில் பழுதாகிறது. ஒன்று, அந்த நிரல் கொண்டுவந்திருக்க வேண்டிய ஒரு செயற்கூற்றைத் (ஃபங்ஷன்) தளத்தின் சொந்த நிரல் அழைக்கிறது. அது இல்லாததால் ‘வரையறுக்கப்படவில்லை’ என்ற பிழை எழுந்து, அதற்குக் கீழே உள்ள வரிகள் ஓடாமல் நின்றுவிடுகின்றன. இதில் கன்சோலில் சிவப்பு வரி கட்டாயம் வரும். மற்றொன்று, “இந்த அழுத்தலைக் கணக்கில் எழுதிவிட்டு எனக்குச் சொல், பிறகு படிவத்தை அனுப்புகிறேன்” என்று தளம் காத்திருப்பது. டேக் மேனேஜரில் இதற்கென்றே ‘ஈவென்ட் கால்பேக்’ என்ற வசதி இருக்கிறது. டேக் மேனேஜருக்கான செய்தியைத் தளம் போடும் வரிசை, பக்கத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும் ஒரு சாதாரணப் பட்டியல் என்பதால், வெளியிலிருந்து நிரல் வராவிட்டாலும் செய்தி அதில் பிழையின்றி விழுந்துவிடும். எடுத்துப் படிக்க ஆள் இல்லாததால் மறுமொழி மட்டும் வராது. உங்கள் மாணவியின் விண்ணப்பம் அந்த மறுமொழிக்காகத்தான் நின்றிருக்கிறது.

வீட்டில் ஏன் போகிறது என்பதற்கு வருகிறேன். யூபிளாக் ஆரிஜின் இத்தகைய பரவலான நிரல்களை வெறுமனே தடுப்பதில்லை; அவற்றின் இடத்தில் எதையும் அனுப்பாத ஒரு போலி நிரலை வைக்கிறது. “எழுதிவிட்டேன்” என்று அந்தப் போலி மறுமொழி சொல்லிவிடுவதால் படிவம் நகர்கிறது. ஃபயர்பாக்ஸும் 2021 மார்ச்சில் வந்த 87ஆம் பதிப்பிலிருந்து ‘ஸ்மார்ட்பிளாக்’ என்ற பெயரில் இதே முறையைக் கொண்டிருக்கிறது. டிஎன்எஸ் தடுப்புக்கோ முகவரியின் பெயர் மட்டுமே தெரியும். எந்தக் கோப்பு கேட்கப்படுகிறது என்பது அதற்குத் தெரியாது, ஆகவே மாற்று ஒன்றை வைக்க அதனால் இயலாது. 0.0.0.0 என்ற விடை, அந்தப் பெயருக்குச் செல்லும் வழியை உங்கள் டிஎன்எஸ் வடிகட்டிதான் அடைத்துவிட்டது என்பதைக் காட்டுகிறது. கேடயத்தை நிறுத்தியும் பயன் கிடைக்காததற்குக் காரணமும் இதுதான்: தடுத்தது உலாவி அன்று, ரவுட்டர்.

டேக் மேனேஜரின் முகவரியை வடிகட்டியில் அனுமதித்தால் பொத்தான் வேலை செய்யும். ஆனால் அதைப் பயன்படுத்தும் எல்லாத் தளங்களுக்கும் கதவைத் திறந்ததாகிவிடும். அதைவிட, ஐந்து கணினிகளுக்கும் தனியாகச் சாதாரண டிஎன்எஸ் முகவரியைக் கொடுத்து, ஃபயர்பாக்ஸையும் யூபிளாக் ஆரிஜினையும் நிறுவுங்கள். ரவுட்டரின் வடிகட்டி வைஃபையில் வரும் கைபேசிகளுக்கு அப்படியே இருக்கட்டும். அமைப்பை மாற்றியபின் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். பழைய விடை நினைவில் தங்கியிருந்தால் குழப்பும். குரோமில் முழுமையான யூபிளாக் ஆரிஜின் இப்போது இயங்குவதில்லை. ‘லைட்’ வடிவம்தான் கிடைக்கும்.

இனி வேறொரு தளம் நின்றால், நீட்சியின் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். எந்த விதி எந்தக் கோப்பைத் தடுத்தது என்று வரிவரியாகத் தெரியும். அந்த ஒன்றை, அந்தத் தளத்துக்கு மட்டும் விட்டால் போதும்.

தொண்டி கருவாட்டுக் கடை:

இதைப் படித்ததும் என் தளத்தைச் சோதித்தேன். நானும் கணவரும் கருவாட்டை வெளியூர்களுக்கு அனுப்பும் சிறிய தொழில் செய்கிறோம். தளத்தைக் கட்டிக்கொடுத்தவர் ‘ஆர்டர் செய்க’ பொத்தானிலும் இதே காத்திருப்பைத்தான் வைத்திருக்கிறார். தடுப்புள்ள இணைப்பில் எங்கள் பொத்தானும் அசையவில்லை. எத்தனை பேர் அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்களோ என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது, ஏனெனில் வராத ஆர்டர் எந்தக் கணக்கிலும் பதிவாவதில்லை. அண்ணன் அவர்களே, அவரிடம் எதை மாற்றச் சொல்ல வேண்டும்?

கீழக்கரை நிரலாளர்:

சகோதரி, ஆர்டரை முதலில் அனுப்பச் சொல்லுங்கள். எண்ணிக்கை அதற்குப் பிறகு, தனியாகப் போகட்டும். பக்கம் மாறும் தருணத்திலும் ஒரு சிறு செய்தியை அனுப்ப உலாவியிலேயே ‘சென்ட் பீக்கன்’ என்ற வசதி இருப்பதால், அதற்காக வாடிக்கையாளரை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. காத்திருந்தே ஆக வேண்டும் என்று அவர் சொன்னால், ஒரு விநாடிக்குள் மறுமொழி வராவிட்டாலும் படிவம் போய்விடும்படி கால வரம்பை அவரே தம் நிரலில் எழுத வேண்டும். டேக் மேனேஜரில் ‘ஈவென்ட் டைம்அவுட்’ என்ற அளவு இருக்கிறது. ஆனால் அந்த வரம்பைப் பார்த்துக்கொள்வதும் வராமல் போன அதே நிரல்தான் என்பதால், இங்கே அதை நம்ப முடியாது. இதை அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

தங்கச்சிமடம் பிரௌசிங் சென்டர்:

கீழக்கரை காக்கா (அண்ணன்) சொன்னபடியே இரண்டு கணினிகளில் இன்று மாற்றிவிட்டேன். விசாரணைப் படிவம் முதல் அழுத்தத்திலேயே போனது; பதிவேட்டில் டேக் மேனேஜரின் கோப்புக்குப் பதிலாகப் போலி வைக்கப்பட்டதையும் கண்ணால் பார்த்தேன். மிச்ச மூன்றையும் நாளை இரவு கடை அடைத்தபின் மாற்றுகிறேன். ஒரு விநாடி வரம்பைப் பற்றித் தொண்டி சகோதரிக்குச் சொன்னதை அந்தக் கல்லூரியின் தொழில்நுட்பப் பிரிவுக்கும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.