பொலிஸ் நிலையப் படியேறியவர்கள் எழுதுங்கள்: திருகோணமலை

2022 மே 10. கடற்படைத் தளத்து வாசலில் கூட்டம் என்று கேள்விப்பட்டு நானும் போனேன். முதல் நாள் பதவி விலகிய மஹிந்த ராஜபக்ஷ உள்ளே இருக்கிறார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. எனக்கு முன்னால் நின்ற கான்ஸ்டபிள் மெதுவாகச் சொன்னார்: "நானும் காஸுக்கு மூணு நாள் நிண்டன்." பொலிஸ்காரர் ஒருவரோடு நான் சிரித்துப் பேசியது அதுதான் முதல் தடவை. இனி எல்லாம் மாறும் என்று நினைத்தேன்.

2025 செப்டெம்பரில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் என் பைக் களவுபோனது. எந்தப் பொலிஸ் நிலையம் என்று எழுதவில்லை, விடுங்கள். முந்தியென்றால் படியேறும்போதே ஓர் உறுமல் வரும். இந்த முறை வாங்கைக் காட்டி இருக்கச் சொன்னார்கள், குடிக்கத் தண்ணீர்கூட வந்தது. சரி, 2022 மக்கள் போராட்டமான அரகலய வேலை செய்திருக்கிறது என்று மனதுக்குள் ஒரு குளிர்ச்சி. நான் தமிழில் சொல்லச் சொல்ல, சார்ஜன்ட் தலையாட்டி எழுதினார். முடிந்ததும் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். முழுக்கச் சிங்களம்.

"நீங்க சொன்னதுதான் தம்பி, சைன் பண்ணுங்க."

எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. அந்த மேசையில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் பைக்கைத் தேடமாட்டார்களோ என்ற பயம். கையெழுத்து வைத்தேன். பிறகு இன்சூரன்ஸுக்கு எடுத்த பிரதியைத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் வாசித்துச் சொன்னார்: கறுப்பு நிற மோட்டார் சைக்கிள். என்னுடையது சிவப்பு.

கிண்ணியாவிலிருந்து:

நிறம் மாறியதோடு தப்பினீர்கள். நான் "கண்டேன்" என்றது "காணவில்லை" என்று பதிவாகி, நீதிமன்றத்தில் நின்று முழிக்கவேண்டி வந்தது. பொலிஸ் மாஅதிபர் 2025 ஆகஸ்டில் வாட்ஸப் இலக்கம் ஒன்று அறிவித்தாரே, அதற்கும் ஒரு முறைப்பாடு அனுப்பிப் பார்த்தேன். இரண்டாம் நாள் அழைப்பு வந்தது. பேசியவர், நான் யாரைப் பற்றி எழுதினேனோ அவரேதான்!

உவர்மலையிலிருந்து, ஓய்வுபெற்ற அதிபர்:

கொழும்பில் நடந்ததை நான் சின்னதாக்கவில்லை. பொலிஸ் மாஅதிபர் ஒருவரைப் பாராளுமன்றமே நீக்கியது இதுதான் முதல் தடவை. ஆனால் அப்படி நீக்கப்பட்ட தேசபந்து தென்னக்கோன் கதையை வரிசையாகப் பாருங்கள். 2023 டிசம்பரில் ஒரு சித்திரவதை வழக்கில் உயர் நீதிமன்றம் அவரையும் பொறுப்பாளி என்றது. அதற்குப் பிறகுதான், 2024 பெப்ரவரியில், பதில் பொலிஸ் மாஅதிபராக இருந்தவரின் பதவியை நிரந்தரமாக்கினார்கள். ஜூலையில் அவர் அந்தப் பதவியில் இயங்க நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. 2025 ஆகஸ்ட் 5ஆம் திகதி 177 வாக்குகளால் வெளியேற்றினார்கள். பொலிஸாரைக் கண்காணிக்கவேண்டிய பொலிஸ் ஆணைக்குழுவின் கதை இன்னும் வேடிக்கை: அரசியலமைப்பின் 17ஆம் திருத்தம் பல் கட்டியது, 18 பிடுங்கியது, 19 கட்டியது, 20 பிடுங்கியது, 2022 ஒக்டோபரில் 21 மறுபடி கட்டியிருக்கிறது. அது கடித்து நான் இன்னும் பார்க்கவில்லை.

நமக்கு இது 2022இல் தொடங்கிய கணக்கும் இல்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி காந்தி சிலையடியில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சாட்சிகள் பயந்து நாட்டைவிட்டுப் போனார்கள். 2019 ஜூலையில், சந்தேகநபர்களான பொலிஸ் விசேட அதிரடிப்படையினர் உட்பட 13 பேரும் விடுதலை. பின்னேரங்களில் நாம் காற்று வாங்கப் போகிற கடற்கரைதான் அது.

தம்பி, வாசிக்கத் தெரியாததில் கையெழுத்து வைத்தது பிழை. திரும்பப் போய்த் தமிழில் கேளுங்கள். பெரிய விஷயமென்றால் நாளை எண்ணுங்கள்: அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. நம் ஊரிலேயே அலுவலகம் இருக்கிறது.

முதலில் எழுதியவன்:

போனேன் ஐயா. அதே சார்ஜன்ட், கோபப்படவில்லை. தமிழ் எழுதத் தெரிந்த ஒரே பொலிஸ் பிள்ளை லீவாம், திங்கள் வரச் சொன்னார். திங்கள் போனால் அவர் நீதிமன்றத்தில். புதன்கிழமை எழுதிக்கொண்டார், நல்ல வடிவான எழுத்து, சிவப்பு என்றும் இருக்கிறது. பைக் இன்னும் வரவில்லை.