பூமலையில் அப்பாயியோடு ஒரு பகல்

2024-ல் அப்பாயியை, அதாவது அப்பாவின் அம்மாவை, சிங்கப்பூருக்கு அழைத்துப் போனேன். அப்போது அவருக்கு வயது 84. மெர்லயன், மரினா பே, செந்தோசா என்று மூன்றையும் ஒரே நாளில் காட்டிவிட வேண்டும் என மணிவாரியாகக் குறித்து வைத்திருந்தேன். விமான நிலையத்தில் நடந்த நடையிலேயே அவருக்குக் கால் வீங்கிவிட்டது. "நாலு இடத்துக்கு ஓடுவானேன் சாமி? நிழலாக ஓரிடத்தில் உட்கார வை, போதும்" என்றார். குறித்து வைத்ததை அழித்துவிட்டு, மறுநாள் காலை தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். அங்குள்ள தமிழர்கள் அதைப் பூமலை என்கிறார்கள்.

நேப்பியர் ரயில் நிலையத்தில் இறங்கினால் டாங்லின் வாசல் பக்கம்தான். 1859-ல் தொடங்கிய தோட்டம். 2015-ல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே நுழையக் கட்டணம் கிடையாது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட் வாங்க வேண்டும். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எட்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் புழுக்கம் தாங்காது. நாங்கள் பெஞ்சுக்குப் பெஞ்சு உட்கார்ந்துதான் நடந்தோம். அன்னக்குளத்தில் மட்டும் முக்கால் மணி நேரம்.

பிறகு பெரிய தெம்புசு மரம். தாழ்ந்த கிளை ஒன்று தரைக்கு இணையாக நீண்டிருக்கும். வேலி போட்டுப் பாதுகாக்கிறார்கள். பர்ஸிலிருந்து ஐந்து வெள்ளித் தாளை (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்) எடுத்து, அதில் அச்சடித்திருக்கும் அதே மரத்தைக் காட்டினேன். அவர் தாளையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ரூபாய்த் தாளில் போடுகிற அளவுக்கு மரத்தை மதிக்கிறார்களே" என்றார். அதற்குப் பிறகு வெகுநேரம் பேசவில்லை.

அப்பாயி மலேசியாவின் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ரப்பர் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை; பால்மரம் என்பார். பதினாறு வயதில் பால் வெட்டப் போனவர். 1969-ல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, தாத்தாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் ரஜூலா கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கினார். அதன்பின் இந்தப் பயணத்தில்தான் மறுபடி கடல் தாண்டினார். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல முடியாது. குடும்பத்தில் யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை.

வெயில் ஏறியதும் ஹோல்ட்டம் ஹால் என்ற பழைய பங்களாவுக்குள் போனோம். 1921-ல் கட்டியது, இப்போது பூங்காவின் அருங்காட்சியகம். அங்கே ரப்பரின் கதை இருக்கிறது. பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளிலிருந்து முளைத்த 22 கன்றுகள், 1877-ல் இங்கே வந்து சேர்ந்தன. 1888-ல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் வழியைக் கண்டறிந்தார். விதைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பார்க்கிற தோட்ட முதலாளிகளிடமெல்லாம் நடச் சொன்னாராம். இதையெல்லாம் நான் வாசித்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். மீன்முள்போல இருபக்கமும் கீறிய மரத்தின் படத்தின் முன் அப்பாயி நின்றுவிட்டார்.

"எங்கள் காலத்தில் இப்படி வெட்டமாட்டோம்."

நாற்காலியில் உட்கார்ந்து, கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே நிமிர்த்திப் பிடித்தார். கட்டைவிரல் நகத்தால் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக ஒரு கோடு இழுத்தார். அரை வட்டம்தான், ஒருநாள் விட்டு ஒருநாள். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடம் புண்ணாகி முண்டும் முடிச்சுமாகிவிடும், அப்புறம் அங்கே வெட்ட முடியாது. வெயில் வருமுன் வெட்டினால்தான் பால் நிற்காமல் ஓடி மங்கு என்கிற கிண்ணத்தில் இறங்கும். அவர் வெட்ட வேண்டிய நிரையில் நானூறு மரத்துக்கு மேல். சொல்லும்போது நகம் தடியில் மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தது, ஒரே சாய்வில். அறுபது ஆண்டுகளுக்கும் முன் பழகிய சாய்வு அது. ரிட்லியை மதிக்கிறேன். அவர் 1956-ல், நூறு வயதில் இறந்தார். அப்பாயி கத்தி பிடித்ததும் அந்த ஆண்டுதான். ரிட்லி கண்டறிந்ததை விடியலுக்கு முன் இருட்டில் நின்று செய்து முடித்த கைகளில் ஒன்று என் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. கூரை போட்ட இடமொன்றில் ஒதுங்கினோம். "இன்று வெட்டு இல்லை" என்றார் தனக்குத்தானே. பட்டை நனைந்தால் பால் கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழிந்துவிடுமாம். அன்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சிறு வயதில் அவருக்குக் கொண்டாட்டம். அவருடைய அம்மா மட்டும் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம், அன்றைய கூலி போயிற்றே என்று.

மழை விட ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் தங்கள் லயத்தில் குடியிருந்த பதினோரு குடும்பங்களையும் வரிசையாகச் சொன்னார். ஏழாவது வீட்டுக்காரர் பெயர் மட்டும் வரவில்லை. நெற்றியைத் தட்டிக்கொண்டே நடந்தார். திரும்பும்போது ரயில் நேப்பியரைத் தாண்டி இரண்டு நிலையம் போயிருக்கும்; என் கையை இறுகப் பிடித்து அந்தப் பெயரைச் சொன்னார்.