மறுமொழி: தோட்டா மருந்தை ஏத்திப் பார்க்கிறதுக்கு தமிழ்ல என்ன சொல்றது? ‘ஏறெடை’ சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

தோட்டாவுக்குள்ள போடற மருந்தோட எடையை துளித்துளியா கூட்டி, சுட்டுப் பார்த்து சரியான அளவைக் கண்டுபிடிக்கிற வேலைக்கு (இங்கிலீஷ்ல ‘load development’) குடியாத்தம் அண்ணன் ஒரு தமிழ்ச் சொல்லு கேட்டிருந்தாரு. அதுக்கு இதுவரைக்கும் ‘சுமை உருவாக்கம்’, ‘மருந்தேற்றம்’, ‘படிக்கெட்டிப்பு’ன்னு மூணு வந்திருக்கு, மூணுமே வேணாம்னு தான் எனக்குப் படுது. ஏன்னு கொஞ்சம் நீளமா சொல்ல வேண்டியிருக்கு, பொறுமையா படிங்க.

இந்த வேலை தெரியாதவங்களுக்காக முதல்ல ரெண்டு வரி. அமெரிக்காவுல சொந்த உபயோகத்துக்கு தோட்டாவை வீட்லயே செஞ்சுக்கலாம். சுட்ட பித்தளைக் கூட்டை எடுத்து அடில இருக்கிற பழைய கேப்பை (அடிச்சா பொறி விட்டு மருந்தைப் பத்த வைக்கிற சின்ன மூடி, ‘ப்ரைமர்’) தட்டி எடுத்துட்டு புதுக் கேப்பு வச்சு, மருந்தை எடை போட்டு ஊத்தி, மேல குண்டை அழுத்தி வாயைச் சுருக்கிடறாங்க. இங்க 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க தனி லைசென்ஸ் வேணும், அதனால வேலூர்ல உக்காந்துக்கிட்டு யாரும் இதை கைல செஞ்சு பார்க்கிற பேச்சே இல்ல. அண்ணன் அரிசோனால இருக்கிற நம்ம பசங்களுக்கு தமிழ்ல பாதுகாப்புக் குறிப்பு எழுதறாரு, அதுக்குத்தான் சொல்லு. ஒரு சொல்லு தப்பா போச்சுன்னா அங்க ஒருத்தன் விரல் போயிடும், அதனால தான் இவ்ளோ பிடிவாதமா எழுதறேன்.

‘சுமை’ன்னா தலைல தூக்கறது, லாரில ஏத்தறது. தோட்டாவுல இருக்கிறது சுமை இல்ல, மருந்து. இதுல பேச வேற ஒண்ணும் இல்ல.

‘படிக்கெட்டிப்பு’ சொன்ன ஆரணி தம்பிக்கு காது நல்ல காது, நம்ம பக்கம் கல் குவாரில குழி போட்டு மருந்து கெட்டிக்கிறதுன்னு சொல்றது தான், கோயில் திருவிழாவுல வேட்டு போடறவங்களும் கெட்டிக்கிறதுன்னு தான் சொல்வாங்க, எனக்கும் அந்த சொல்லு ரொம்பப் புடிக்கும். ஆனா அது கரிமருந்தோட (பழைய காலத்து கறுப்பு வெடிமருந்து) சொல்லு தம்பி. கரிமருந்தை இறுக்கி, இடைல காத்து இல்லாம குத்தணும், அப்பத்தான் அது ஒழுங்கா வேலை செய்யும். ரிவால்வர் தோட்டாவுக்குப் போடற புகையில்லா மருந்தை யாரும் குச்சி வச்சு குத்தறதில்ல. ‘நிரப்பு’ன்னு சொன்னாலும் அதே ஆபத்து தான், நிரப்புன்னா வாய் மட்டும் ரொப்பறதுன்னு தானே நாம புரிஞ்சுப்போம்? .38 ஸ்பெஷல்ங்கிற ரிவால்வர் தோட்டாவோட கூடு கரிமருந்து காலத்துக் கூடு, நிறைய மருந்து பிடிக்கிற மாதிரி பெரிசா செஞ்சது, அதுலேர்ந்து நீட்டி 1935ல வந்தது தான் .357 மேக்னம்ங்கிற வேகம் கூடின தோட்டா. அதனால வேகமா எரியற மருந்தை எடை போட்டு ஊத்தினா கூட்டுக்குள்ள பாதிக்கு மேல காலியா கிடக்கும், ஞாபகமறதியா ரெண்டாவது வாட்டி ஊத்தினாலும் வழியாது, கண்ணுக்குத் தெரியாமலே போயிடும். துப்பாக்கி வெடிச்சு சிதறினதுக்கு பெரும்பாலும் காரணமா சொல்றது இந்த ரெட்டை ஊத்தல் தான். குண்டு வைக்கிறதுக்கு முன்னாடி எல்லாக் கூட்டையும் பலகைல வரிசையா நிறுத்தி டார்ச் அடிச்சு உள்ள மட்டம் பார்க்கிறது அதுக்குத்தான்.

சொன்னா நம்பமாட்டீங்க, .357 கூடு .38 கூட்டை விட 3 மில்லிமீட்டர் சொச்சம் தான் நீளம். பழைய .38 ரிவால்வர்ல இதைத் தெரியாம போட்டுடக் கூடாதுன்னே அப்படி நீட்டினாங்க. ஏன்னா .38க்கு அங்க வச்சிருக்கிற அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, .357க்கு 35,000.

இப்ப ‘மருந்தேற்றம்’. இதைத்தான் நான் ரொம்ப எதிர்க்கிறேன். அண்ணன் சொல்ற வேலைல ஏத்தறது பாதி தான், எங்க ஆரம்பிக்கணும் எங்க நிறுத்தணும்ங்கிறது தான் மீதி. மருந்துக் கம்பெனி கையேட்டுல அந்த குண்டு, அந்த கேப்பு, அந்த மருந்துக்கு தொடக்க எடை, உச்ச எடைன்னு ரெண்டு போட்டிருக்கும். தொடக்கத்துல சிலது மட்டும் செஞ்சு சுட்டு, கூட்டை எடுத்துப் பார்த்துட்டு, அப்புறம் தான் துளி ஏத்தறது. குண்டு மாறினாலோ கேப்பு மாறினாலோ மறுபடி கீழேர்ந்து. குறைச்சா பாதுகாப்புன்னு நம்மளா தொடக்கத்துக்கும் கீழ இறங்கவும் கூடாது. மெதுவா எரியற சில மேக்னம் மருந்துக்கு உச்சத்துலேர்ந்து 3 சதவீதத்துக்கு மேல குறைக்காதேன்னு கம்பெனியே எச்சரிக்குது, சரியா எரியாம குண்டு குழல்லயே நின்னுடும், அது தெரியாம அடுத்ததைச் சுட்டா குழல் வீங்கிடும், இல்ல வெடிச்சுடும்.

அழுத்தம் எகிறினா சுட்ட கூட்டோட அடில தெரியும்பாங்க. கேப்போட ஓரம் லேசா உருண்டையா இருக்கணும், அது நசுங்கி சுத்தி இருக்கிற பித்தளையோட ஒரே மட்டமா ஆயிடுச்சுன்னா சந்தேகப்படணும். கூடு விரலால தள்ளினா வழுக்கிட்டு வரணும், ரிவால்வர்ல கூடு தள்ளுற கம்பியைத் தட்டித்தான் வெளில வருதுன்னா அங்கயே நிறுத்திடணும். ஆனா இந்த குறி எதுவும் தெரியலன்னா மேல போகலாம்னு அர்த்தம் இல்லீங்க, ரிவால்வர்ல குறி தெரியறதுக்குள்ள வரம்பைத் தாண்டியிருக்கலாம். கையேட்டு உச்சம் தான் கோடு. ‘ஏற்றம்’னு மட்டும் சொன்னா இது எதுவுமே சொல்லுக்குள்ள வராது.

என் பரிந்துரை ‘ஏறெடைச் சோதனை’, பேச்சுல ‘ஏறெடை’. எடைன்னு சொன்னதால கரண்டில மொண்டு ஊத்தறவன் கூட ஒரு நிமிஷம் தராசை நினைப்பான். சோதனைன்னு சொன்னதால பார்த்துட்டு தான் அடுத்ததுக்குப் போகணும்னு புரியும். ‘படியெடை’ன்னும் யோசிச்சேன், ஆனா படின்னா நம்ம ஊர்ல அரிசி அளக்கிற படி தான் முதல்ல ஞாபகம் வரும், மருந்தைக் கொள்ளளவுல அளக்கறதுன்னு நினைச்சுடுவாங்க.

இன்னொண்ணு, இது தான் எனக்கு ரொம்பக் கவலை. ‘கிரெய்ன்’ங்கிற எடையை ‘தானியம்’னு போடலாம்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க. வேணாங்க, மருந்து பார்க்கவே பொடிமணி மாதிரி இருக்கும், புதுசா வர்றவன் மணி மணியா எண்ண ஆரம்பிச்சுடுவான். கிரெய்ன்னே இருக்கட்டும். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன், ஒரு கிரெய்ன் 0.0648 கிராம், நம்ம ஆசாரிங்க பழைய கணக்குல ஒரு குந்துமணி எடை கிட்டத்தட்ட ரெண்டு கிரெய்ன் வரும். ஆனா ஒரு நிபந்தனை, ‘கி.’ன்னு சுருக்கி எழுதவே கூடாது. தமிழ்ல கிரெய்ன், கிராம் ரெண்டும் ‘கி’ல தான் ஆரம்பிக்குது, மாத்திப் படிச்சா 15 மடங்கு வித்தியாசம். ஒவ்வொரு தடவையும் முழுசா எழுதணும், பக்கத்துல மில்லிகிராமும் போட்டா இன்னும் நல்லது. தராசையும் கிரெய்ன்ல வச்சிருக்கோமான்னு ஒவ்வொரு தடவை பார்க்கச் சொல்லி முதல் பக்கத்துலயே போடுங்க அண்ணா.

வரையறை இப்படி இருக்கலாம்னு நினைக்கிறேன்: ‘ஏறெடைச் சோதனை – கையேடு சொல்லும் தொடக்க எடையில் ஆரம்பித்து, ஒவ்வொரு படியிலும் சுட்ட கூட்டைச் சோதித்து, கையேட்டின் உச்ச எடையைத் தாண்டாமல் மருந்தின் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்க்கும் முறை.’ கொஞ்சம் நீளம் தான், ஆனா ‘தாண்டாமல்’ங்கிறதை மட்டும் யாரும் வெட்டிடாதீங்க. மேக்னம் மேக்னமாவே இருக்கட்டும், ‘பெருந்தோட்டா’ எல்லாம் வேணாம், பெட்டி மேல எழுதியிருக்கிற பேரும் இவங்க படிக்கிற பேரும் ஒண்ணா இருக்கணும்.

கேப்புக்கு ‘எரியூட்டி’ன்னு வந்த பரிந்துரையைப் பத்தி தம்பி தனியா எழுதறேன்னு சொல்லியிருக்காரு, அதைப் பார்த்துட்டு பேசலாம். ஏறெடைக்கு ஆட்சேபணை இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க, அண்ணன் அச்சுக்கு அனுப்பணும்.