எந்தக் கணினிக்காகக் கேம் செய்வது? எங்களுக்கு நடந்தது

2021-இல் நான்கு பேர் சேர்ந்து நகரம் கட்டும் கேம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். எந்தக் கணினியில் ஓட வேண்டும் என்ற பேச்சு வந்ததும், கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீம், ஆடுகிறவர்களிடம் என்னென்ன கணினி இருக்கிறது என்று மாதாமாதம் வெளியிடும் ஹார்டுவேர் சர்வேயைத் திறந்தோம். அப்போது முதலிடத்தில் இருந்த கிராஃபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1060. சரி, அதுவே அளவுகோல் என்று வைத்துக்கொண்டோம். ஆனால் அது ஸ்டீமில் எல்லா வகைக் கேமும் ஆடுகிறவர்களைச் சேர்த்த கணக்கு. எங்கள் கேமை ஆடப்போகிறவர்கள் யார் என்று அது சொல்லாது.

சோதனைக்கு வந்தவர்களில் பாதிப் பேரிடம் தனி கிராஃபிக்ஸ் கார்டே இல்லாத லேப்டாப்தான் இருந்தது. அதில் ஒன்றை இரண்டு நாள் கேட்டு வாங்கினேன். நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது திரையில் 60 படம், வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.6 மில்லி நொடிதான் கிடைக்கும். அந்த லேப்டாப் 41 எடுத்தது. மரங்களின் உருவத்தை அமைக்கும் முக்கோணங்களைக் குறைத்தேன், எண் அசையவில்லை. கடைசியில் பின்மூடியைக் கழற்றினால், இரண்டு ரேம் ஸ்லாட்டில் ஒன்று காலி! அங்கேதான் பிடிபட்டது. இந்த வகை கிராஃபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, ப்ராசசரோடு ரேமைப் பங்குபோட்டுக்கொள்ளும். ஒற்றை ரேம் என்றால் தரவு போய்வரும் பாதையும் பாதிதான். எங்கள் ஆறும் அதன்மேல் மூடுபனியும் அடுக்கடுக்காக ஒரே பிக்சலைத் திரும்பத் திரும்ப எழுதி அந்தப் பாதையை அடைத்துக்கொண்டிருந்தன. மூடுபனியை எடுத்தோம். நகரத்தை 1280×720-இல் வரைந்து, எழுத்துகளையும் பட்டன்களையும் மட்டும் முழு அளவில் விட்டோம். 24 மில்லி நொடிக்கு இறங்கியது. 30 ஃப்ரேமுக்கு 33 வரை போகலாம் என்பதால், அந்த லேப்டாப்பையே குறைந்தபட்சக் கணினியாக அறிவித்தோம். அதே மாதிரி ஒன்றை வாங்கி, தினமும் அதில் ஓட்டிப் பார்த்தோம்.

கிராஃபிக்ஸைச் செட்டிங்ஸில் குறைத்துக்கொள்ளலாம். தெருவில் நடமாடும் ஜனங்களைக் கணக்கிடுவது ப்ராசசரும் மெமரியும்; அவர்களைக் குறைத்தால் கேமே வேறாகிவிடும். அதனால் ப்ராசசருக்கும் மெமரிக்கும் அடிமட்டம் எது என்பதை முதல் மாதமே முடிவு செய்துவிட வேண்டும். பெரிய குழுக்களும் இதில் மாட்டியிருக்கின்றன. பால்டர்ஸ் கேட் 3 என்ற கேம் எக்ஸ்பாக்ஸ் கேம் கருவிக்கு 2023 டிசம்பரில் தாமதமாக வந்தது, அதன் விலை குறைந்த வகையான, 10 ஜிபி மெமரி உள்ள சீரிஸ் எஸ்ஸில் திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதியை ஓடவைக்க முடியாமல்தான். அந்த வசதி இல்லாமலேயே அதில் வெளியிட்டார்கள்.

---

(இதைப் படித்த இன்னொரு கேம் உருவாக்குநரின் பதில்) என்னுடைய அனுபவத்தையும் சேர்க்கிறேன். வேகத்துக்காக, பல கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் ஏவிஎக்ஸ்2 என்ற ப்ராசசர் கட்டளைகளை இயக்கி கம்பைல் செய்திருந்தோம் (எழுதிய நிரலை ப்ராசசருக்கான கட்டளைகளாக மாற்றுவது). வெளியான இரவே சிலருக்குக் கேம் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது, பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ரொம்பப் பழைய கணினியாக இருக்கும் என்று நினைத்தோம். பார்த்தால் 2020-இல் வந்த விலை குறைந்த ப்ராசசர்களும் அதில் இருந்தன. அவற்றில் ஏவிஎக்ஸ்2 இல்லை. இதற்கான சதவீதமும் அதே சர்வேயின் அடிப்பகுதியில் இருக்கிறது, நாங்கள் அதுவரை கீழே போய்ப் பார்த்ததே இல்லை. அப்புறம் கணக்குப் பகுதியை இரண்டு விதமாக கம்பைல் செய்து, கேம் தொடங்கும்போதே ப்ராசசரைப் பார்த்துத் தேர்ந்துகொள்ளும்படி மாற்றினோம்.